அறுபட்ட ஓஸ்

"அண்ணே, இது தானா வெடிச்ச ஓஸ் இல்ல. யாரோ பிளேடு போட்டுருக்காங்க."

மெக்கானிக் மருதுபாண்டி சொன்னதும் ஆன்டனி ராஜ் குனிந்து பார்த்தான்.

மாரியூரிலிருந்து சாயல்குடி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி அவன் ஓட்டுகிற வேன் அது. பழைய வண்டி. முன்சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின். சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் ஸ்டார்ட் ஆவதும் அணைவதுமாக மக்கர் பண்ணியது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற ரப்பர் ஓஸ்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மருதுபாண்டிதான் மொத்தமாக மாற்றினான். போன வாரம் அதில் ஒன்று கழன்று கிடந்தது. கிளிப் போட்டு இறுக்கிவிட்டுப் போனான்.

இன்றைக்கு அதே ஓஸ், அறுபட்டுக் கிடக்கிறது.

"நல்லவேளை, சின்ன ஓஸோட விட்டானுக. அதான் வண்டி கிளம்பவே இல்ல. பக்கத்துல தடியா இருக்கு பாருங்க, அது பிரேக்குக்குப் போறது. அதுல லேசாக் கீறிவிட்டு, ஓடுறப்ப பிச்சுக்கிச்சுன்னா பெடல் கல்லாயிரும். ஏறி மிதிச்சாலும் வண்டி லேசுல நிக்காது."

ஆன்டனி ராஜ் காலி சீட்டுகளைப் பார்த்தான். நல்லவேளையாகப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்விட்டார்கள்.

"யாரையும் பகைச்சுக்கிட்டீங்களாண்ணே?"

அவனுக்கு ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. அப்பா விட்டுப்போன மீன்பிடி வள்ளம் யாருக்கு என்பதில் அண்ணன் இன்னாசியோடு தகராறு. ஈஸ்டருக்குக்கூட முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. "நீ எப்படி இந்த ஊர்ல வண்டி ஓட்டுறன்னு பாக்குறேன்லே" என்று ஊர் பார்க்கக் கத்தியவர்தான் அவர்.

மருதுபாண்டி புது ஓஸை மாட்டி முடிப்பதற்குள் ஆன்டனி ராஜ் கடற்கரைக்குப் போய்விட்டான்.

இன்னாசி வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்னயக் கொல்லணும்னா நேரா வாண்ணே. பிள்ளைக போற வண்டியில எதுக்குக் கை வைக்கிற?"

"என்னலே சொல்ற?"

விஷயத்தைச் சொன்னான். இன்னாசியின் கையிலிருந்து வலை நழுவியது.

"ஏலே, அந்த வண்டியிலதான என் பேத்தியும் போறா. நானா செய்வேன்?"

அவர் உதடு துடித்ததைப் பார்த்ததும் ஆன்டனி ராஜுக்குப் பயம் இன்னும் கூடியது. அண்ணன் இல்லையென்றால் வேறு யார்? நாளைக்குப் பிரேக் ஓஸில் கை வைத்தால்? கரையில் போகிறவன் வருகிறவன் எல்லாரும் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது.

"வா, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம். நானும் வாரேன்" என்றார் இன்னாசி.

பைக் சாவி எடுக்க இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆன்டனி ராஜின் மனைவி ஜோதிமேரி வாசலை மறித்து நின்றாள்.

"போலீசெல்லாம் வேணாம். நாந்தான் அறுத்தேன்."

"நீயாடி? பிள்ளைக போற வண்டிடி அது."

"அதனாலதான்" என்றவள் இன்னாசி பக்கம் திரும்பினாள். "இவுகளுக்கு ஒரு மாதிரி வலிப்பு வருது, அத்தான். கண்ணு திறந்தபடியே இருக்கும், நெனவு இருக்காது. வண்டியே ஓட்டக் கூடாதுன்னு ராம்நாட்டு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா பிழைப்பு போயிரும்னு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். ஓஸ் வெடிச்ச அன்னைக்கு வண்டி ஓடலைல்ல? அதப் பாத்துத்தான் போன வாரம் அந்தச் சின்னதக் கழட்டி விட்டேன். கிளிப்பப் போட்டு இறுக்கிட்டாக. வேற வழி தெரியல, அறுத்துட்டேன். இப்ப சத்தியத்தையும் மீறிட்டேன். மாதா என்னயத் தண்டிச்சாலும் சரி."

இன்னாசி தம்பியைப் பார்த்தார். "நெசமாலே?"

"அவ சும்மா பெருசாக்குறா. வீட்டுல எப்பவாச்சும் வரும், போயிரும். வண்டியில ஒருநாளும் வந்ததில்லண்ணே. வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாது." ஜோதிமேரி அவன் பக்கம் திரும்பினாள். "போன மாசக் கடைசியில, அத்தனை பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்குக் கண்மாய்க்கரை வளைவுல ஸ்டியரிங்கத் திருப்புனது நீங்க இல்ல. பக்கத்துச் சீட்டுல இருந்த நம்ம மக ஜெர்லின்."