இரைப்பையில் கம்பு

கீழக்குயில்குடி பால்பண்ணையின் தீவனக் கொட்டகையில், முதலாளி அனந்தராமன் அடிக்கும் டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி, உத்தரத்துப் புறா அசையாமல் இருக்கிறது. புறா சுட வந்திருக்கும் காளை ஏர்கன் துப்பாக்கியைத் தோளில் அண்டக்கொடுத்துச் சுடுகிறான். தவிட்டு மூட்டைமேல் பொத்தென்று விழும் புறாவின் இரைப்பை கிழிந்து கம்பு சிதறுகிறது. மகள் ஸ்ரீஜாவுக்குச் சுகப்பிரசவம் ஆகணுமென்று முதலாளியம்மா சாயங்காலம் காளையின் கண்ணெதிரே புறாக்களுக்குக் கைகொள்ளாமல் அள்ளி இறைத்த அதே கம்பு. அனந்தராமன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "தவிடு பூரா எச்சம், வேற வழியில்லப்பா. பிள்ளைத்தாச்சி இருக்கற வீடு, நாங்க ஒரு உசிரைக் கொல்லப்படாது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்." காளை அடுத்த குண்டைப் போட்டபடியே, "எம் பொண்டாட்டிக்கும் இது ஏழாம் மாசம் சார்" என்கிறான். டார்ச் வெளிச்சம் சட்டென்று கீழே இறங்கி, சிதறிய கம்பின்மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு மெல்ல உத்தரத்துக்கு ஏறி, அடுத்த புறாவைத் தேடிப் பிடிக்கிறது.