வரிசையில் முதல் ஆள்

பற்களைக் கடித்துக்கொண்டு நான்காவது முறையாகக் கோதண்டம் தன்னை மேலே இழுக்கிறான். ராயபுரம் படகுக் கொட்டகையின் இரும்பு உத்தரம் அவன் முகத்தில் துருவை உதிர்க்கிறது. நாளைக் காலை துறைமுக மேஸ்திரி, பதிந்த வரிசைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கம்பியில் தொங்கி, முதலில் ஐந்து முறை தாடையை அதற்கு மேல் ஏற்றுகிறவனுக்கே கிரேனுக்கு எண்ணெய் போடும் வேலை. இருப்பது ஒரே இடம். வரிசையில் கோதண்டம்தான் முதல் ஆள். ஒரு மாதமாக அவன் பாதங்களைத் தாங்கிப் பழக்கிய அத்தாவுல்லா இன்று கைகட்டி நிற்கிறான். "இன்னா மாமு, கருவாடு மாதிரி தொங்கிகினு கீறே? இன்னும் ஒண்ணு." "கை கயண்டுகினு வந்துடும் தோஸ்து." "வந்தா நான் எட்த்துத் தரேன், ஏறு." ஐந்தாவது முறையாகத் தாடை மெல்ல உத்தரத்தைத் தாண்டுகிறது. குதித்து இறங்கியவன் மூச்சிரைக்கக் கேட்கிறான்: "நாளிக்கி நீயும் வர்றியா?" "வராம?" என்று அத்தாவுல்லா அவன் முகத்துத் துருவைத் தன் துண்டால் துடைக்கிறான். வரிசையில் இரண்டாவது பெயர் தன்னுடையது என்பதை மட்டும் அவன் இன்னும் சொல்லவில்லை.