பெட்டிக்கடியில் ஒரு வெள்ளை நூல்

ஒருவர் தம் அலுமாரிக்குள் எதை வைத்திருக்கிறார் என்பதைக் கண்டு, அவர் தம் உள்ளத்துக்குள் எதை வைத்திருக்கிறார் என்று உங்களால் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

கண்டி மஹய்யாவையில் வாழும் பேச்சியம்மாவால் முடிந்தது.

"முப்பத்திமூணு வயசுல மூஞ்சிக்கு லைட்டு புடிக்கிறாளாம்! நாங்க மஞ்சள் பூசினோம். சூரியன் வெளிச்சம் புடிச்சிச்சு. அதுக்கு பெட்டரியா போட்டோம்?"

பேச்செல்லாம் மருமகள் நிரோஷாவைப் பற்றித்தான். பேராதனையில் மருந்து விற்கும் பாமசி ஒன்றில் வேலை செய்யும் அவள், போன மாதம் ஒரு சிவப்பு வெளிச்ச மெசினை வாங்கி வந்திருந்தாள். அகலமான பட்டிபோல வளையும். சுவிட்சைத் தட்டினால் உட்புறமெங்கும் சிவப்பு மணிகள் ஒளிரும்.

"மூஞ்சிச் சுருக்கம் போகுமாம் அத்தே. அலுமாரிக் கீழ்த்தட்டுல வச்சிருக்கேன். தொட்டுறாதீங்க."

"சீச்சீ! நான் ஏன் அதைத் தொடுறேன்?"

பேச்சியம்மா மாநகர சபையில் முப்பது வருடம் வீதி கூட்டியவள். பெரஹரா ஊர்வலம் முடிந்த தெருக்களில் விளக்குமாறும் கையுமாகக் குனிந்த காலமெல்லாம் இப்போது முழங்காலில் வந்து குந்தியிருந்தது. கோயிலுக்கு நாற்பத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். நான்கு மாதமாக அவள் இறங்கவில்லை.

ஆனால் தனக்கென்று கொடுத்த எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். தீபாவளிக்கு மருமகள் வாங்கிக் கொடுத்த முழங்கால் உறை, மறுநாளே பக்கத்து வீட்டு பஸ்லினாவின் காலில் ஏறிவிட்டது.

"எனக்கெதுக்கு? அவ புள்ளக்குட்டிக்காரி."

தொடாதே என்ற சொல்லுக்கு ஒரு சுவை உண்டல்லவா? மகன் ரமேஸ் பல்லேகலைக்கும் மருமகள் பேராதனைக்கும் பஸ் ஏறிய பிறகு, பேச்சியம்மா அலுமாரியைத் திறந்தாள். முகத்தில் கட்டிப் பார்த்தாள், மூச்சு முட்டியது. முழங்காலில் சுற்றினாள், கச்சிதமாகப் பொருந்தியது.

அன்று முதல் பகல்தோறும் இருபது நிமிடம். சுகம் தந்தது வெளிச்சமா, இளஞ்சூடா, காலை நீட்டி உட்கார்ந்த ஓய்வா என்று அவள் ஆராயவில்லை. பெட்டரி ஒருநாளும் இறங்காதது ஏன் என்றும் ஆராயவில்லை. நான்காம் வெள்ளி படியிறங்கிக் கோயிலுக்குப் போனாள்.

"அடேயப்பா, பேச்சியக்காவா!"

"முருகன் குடுத்த காலு," என்றாள் பேச்சியம்மா.

வீடு திரும்பியதும் மருமகளிடம், "மினுக்கிக்கிட்டே இருந்தா குடும்பம் வெளங்குமா?" என்றாள்.

மறுநாள் மெசினைப் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் அதைக் கண்டாள். அடியில் ஒரு வெள்ளை நூல். ஒரு நுனி சும்மா இருந்தது. மறு நுனியில் ஒரு முடிச்சு.

பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூலும் இல்லை. கோயில் காப்புக் கயிறும் இல்லை. பேச்சியம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகன் ஏன் கொஞ்ச நாளாய்ப் பெண்டாட்டி பக்கமே பேசுகிறான் என்பது இப்போதல்லவா விளங்குகிறது!

ஞாயிறு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மகன் முன்னால் நூலை எறிந்தாள்.

"பாருடா! உன் பொண்டாட்டி உனக்கு மந்திரிச்சு வச்ச நூலு. இப்பவே பூசாரிகிட்ட கொண்டுபோய்க் கேக்கப் போறேன். இனி ஒண்ணு அவ இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

ரமேஸ் நூலைப் புரட்டிப் பார்த்தான். "எங்கம்மா கெடந்துச்சு இது?"

"அந்த மெசின் பெட்டிக்கு அடியில!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தொடவே மாட்டேன்னீங்களே அத்தே," என்றாள் அடுப்படி வாசலில் நின்ற நிரோஷா.

பேச்சியம்மா சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

நிரோஷா நூலை எடுத்து, மாமியாரின் காலடியில் அமர்ந்து, முழங்காலைச் சுற்றிப் பிடித்தாள். சும்மா இருந்த நுனி சரியாக வந்து முடிச்சைத் தொட்டது.

"நீங்க பகல்ல தூங்குறப்ப அளந்தேன். கடையில ரெண்டு சைஸ் இருந்துச்சு. உங்களுக்குன்னு சொல்லியிருந்தா இந்நேரம் பஸ்லினா அக்கா கால்ல இருந்திருக்கும். தினம் சார்ஜ் ஏத்தி வச்சது யாருன்னு நெனச்சீங்க, முருகனா?"

பேச்சியம்மா நூலின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப... உன் மூஞ்சிக்கு?"

"என் மூஞ்சிக்கு என்ன அத்தே குறை?"

அன்பரே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி அயலாரிடம் கேட்டீர்கள், பூசாரியிடமும் கேட்டீர்கள். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே, இந்தப் பக்கத்தைத் திருப்புமுன் எழுந்துபோய், அவரிடமே கேளுங்கள்!