நாற்காலி வேண்டாம்

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் சார்" என்று ஷோபனா மிஸ் சொன்னதுதான் தாமதம், புருஷோத்தமனுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

விஜயதசமியும் அதுவுமாக, நல்ல நேரம் பார்த்து, நெற்றியில் படவேட்டு அம்மன் குங்குமத்தோடு, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பியானோ கிளாஸில் சேர்க்க வந்திருக்கிறான். இவள் என்னடாவென்றால் ஐந்து வயசு பத்தாது என்கிறாள்.

போளூரில் ஆளுக்கொரு வயசு சொல்லியாகிவிட்டது. அவன் உரக்கடைக்கு வருகிறவர்கள்கூட, விரல் நீளட்டும், எட்டு வயசில் சேருங்கள் என்கிறார்கள். யூரியா மூட்டைக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தமோ.

எந்த வயதில் என்பதை அவன் முடிவு செய்துவிட்டான். எப்படி என்பதையும்தான். நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து வாசித்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கி.

மச்சான் சரவணகுமார் மாதிரி அல்ல.

பெண்டாட்டி தேவியின் அண்ணன் அவன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ஊர் ஊராகத் திருவிழா மேடையில் கால் கடுக்க நின்றுகொண்டே வாசிக்கிற பிழைப்பு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். மகள் கனிஷ்காவின் காதுகுத்தன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்? நல்ல நேரம் முடிகிறவரை மாமனைக் காணோம். கடைசியில் யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் பிள்ளை அழுதது.

எல்லாம் முடிந்து இலை போட்ட பிறகு, மினுமினுக்கிற மேடைச் சட்டையோடு ஓடி வந்தான் மச்சான். புதூர்நாட்டில் கச்சேரியாம். மலை இறங்கும்போது ஜீப் நடுவழியில் படுத்துவிட்டதாம்.

இனிமேல் என் வீட்டுப் படி ஏறாதே என்றான் புருஷோத்தமன், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும். இரண்டு வருஷம் ஆகிறது. மச்சானும் ஏறவில்லை.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

தேவி அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. வெள்ளிக்கிழமையானால் மகளைக் கூட்டிக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். அது அவள் பிறந்த ஊர். ஆனால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது புருஷோத்தமன் போட்ட சட்டம். அவனே பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவான். வரும்போது மறக்காமல் அவனுக்கு ஒரு பொட்டலம் குங்குமம் வரும்.

"ஒரு தடவ உக்கார வெச்சுதான் பாருங்களேன். அதுகூட மாட்டேன்னா எதுக்குங்க கிளாஸ் நடத்துறீங்க?"

புருஷோத்தமன் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஷோபனா மிஸ் பெருமூச்சு விட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போர்டில்தான் பியானோ, உள்ளே இருந்ததெல்லாம் கீபோர்டு.

கனிஷ்கா நாற்காலியைப் பார்த்தாள். அதை இடுப்பால் பின்னுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டாள்.

வாசித்தாள்.

இரண்டு கையாலும், எல்லா விரலாலும். கச்சேரி தொடங்கும்போது முதலில் ஒரு சாமி பாட்டு வாசிப்பார்களே, அது. வலது கால் மட்டும் தரையில் எதையோ தேடித் தேடித் தட்டியது. மேடையில் வாசிக்கிறவர்களுக்குக் காலடியில் ஒரு பெடல் இருக்கும். இங்கே அது இல்லை.

"யாரு சார் மாஸ்டர்? ரெண்டு வருஷமாவது ஆயிருக்குமே, ஆரம்பிச்சு" என்றாள் ஷோபனா மிஸ்.

புருஷோத்தமனுக்குத் தெரிந்து நின்றுகொண்டு வாசிக்கிறவன் ஒருத்தன்தான்.

தேவி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். அதற்கு இவனே வாராவாரம் பெட்ரோல் போட்டுப் பஸ் ஏற்றி விட்டிருக்கிறான்.

"எப்போலருந்துடி நடக்குது இது?"

தேவி தலை குனிவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நேராகப் பார்த்தாள். அவளுக்கும் கோபம் வரும் என்பதைக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அன்றுதான் கண்டான்.

"எங்கண்ணன வூட்டுப் படி ஏறாதன்னு சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழமையிலருந்து. காது குத்தத்தான் மடி குடுக்க முடியல. இதுக்காவது குடுக்கட்டும்னு நான்தான் கூட்டிக்கிட்டுப் போயி உக்கார வெச்சேன். வளந்தப்புறம் இவளே நின்னுக்கிட்டா."

எந்த வயதில் ஆரம்பிப்பது என்று ஊரோடெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாள் குறித்துக் கொடுத்ததே அவன்தான்.

"அப்போ கோயிலுக்குப் போறேன்னதெல்லாம் பொய்யா? இந்தக் குங்குமம் இன்னா? இதுவும் பொய்யா?"

கத்திக்கொண்டே நெற்றியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனான்.

கனிஷ்கா வாசிப்பதை நிறுத்தாமல், அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கோயிலுக்கும்தான் போவோம்பா. வாரா வாரம் உம் பேரச் சொல்லித்தான் மாமா அர்ச்சனை பண்ணும்."

கை நெற்றிக்குப் பக்கத்திலேயே நின்றது. கோபம் போகவில்லை. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

ஷோபனா மிஸ் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டாள்.