இன்னைக்கும் வருவாரா?

"இன்னைக்கும் அந்தாளு திரும்பி வருவாராய்யா?"

டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாகக் கேட்டாள் சோணையம்மாள்.

"வருவாரு, வருவாரு. நேத்து வந்தவரு இன்னைக்கு வேற எங்குட்டுப் போவாரு?" என்றான் டிக்கெட் கிழிக்கும் மாயக்கண்ணன். "நீ உள்ள போத்தா. ஒனக்கு டிக்கெட் வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாக."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள்.

காரைக்குடியில் அழகுசுந்தரம் செட்டியார் போட்டிருந்த சினிமாக் கூடாரம் அது. ஓடிக்கொண்டிருந்த பேசும் படத்தின் பெயர் 'மறுகரை மணாளன்'. புருஷனும் பெண்டாட்டியும் கப்பலில் போகிறார்கள். கப்பல் கவிழ்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்று புருஷன் மூன்று பாட்டுப் பாடுகிறான். அதற்குமேல் பாட்டு இல்லாததால் மூழ்கிப் போகிறான். பெண்டாட்டி பிழைத்துக் கரையேறுகிறாள். பிறகொரு நாள், இடி மின்னலுக்கு நடுவே கதவு தட்டப்படுகிறது. திறந்தால் ஈர வேட்டியோடு புருஷனின் ஆவி! அதுவும் பாடிக்கொண்டேதான் வருகிறது. செத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

முதல் சில நாட்கள் இந்தக் காவியத்தை யாரும் சீந்தவில்லை. பெஞ்சில் செட்டியாரின் மைத்துனர்கள் மட்டும் படுத்துத் தூங்கினார்கள். காற்று வந்தது, காசு வரவில்லை.

கூடாரத்தைக் காப்பாற்றியது சோணையம்மாள்தான்.

ஊரில் செட்டிமார் வீடுகள் கட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு அரைக்கிறவள் அவள். போன மழைக்காலத்தில் மாட்டுவண்டி கண்மாய்க்குள் கவிழ்ந்து, அவள் புருஷன் பெத்தன் தண்ணீரோடு போனான். அவள் மட்டும் எப்படியோ கரையேறினாள். கூட வேலை செய்கிறவர்கள் வற்புறுத்தி ஒரு நாள் படத்துக்குக் கூட்டிவந்தார்கள். ஆவி வந்து கதவைத் தட்டியதுதான் தாமதம், "அய்யோ, வந்துட்டாரே!" என்று அலறினாள் பாருங்கள், கூடாரமே சேர்ந்து அழுதது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

"புருசன் செத்து வருசம் திரும்பல, இவளுக்குச் சினிமாக் கேக்குதாக்கும்" என்று காலையில் பேசிய வாய்கள், சாயங்காலம் "பத்தினின்னா இவள்ல பத்தினி!" என்று உருகின. இரண்டுக்கும் நடுவில் வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை.

செட்டியார் வியாபாரி. மாட்டுவண்டியில் தமுக்கு அடித்து ஊர் ஊராகச் சொல்லவைத்தார்: "கல்லும் கரையும் காவியம்! நிஜப் பத்தினி நேரில் அழுவதையும் காணத் தவறாதீர்கள்!"

கூடாரம் நிரம்பியது. ஜனங்கள் திரையைப் பார்க்காமல் பெண்கள் பக்கத்தையே பார்த்தார்கள். ஆத்தங்குடியிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்த தேனம்மை ஆச்சி, அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, "என்னைப் பெத்த அப்பச்சி போனப்பக் கூட எனக்கு இப்படி அழுகை வரலையே" என்று பொறாமைப்பட்டாள்.

செட்டியாருக்கும் மனசு இருந்தது. வசூல் நன்றாக இருந்த ஒரு நாளில் அது இளகியது.

"ஏத்தா, தெனமும் அழுது ஒடம்பைக் கெடுத்துக்கிறியே. வேணும்னா வீட்டுல இரேன்" என்றார்.

"இல்ல மொதலாளி. இன்னைக்கு ஒரு நாளும் பாத்துர்றேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏன் மொதலாளி, செத்தவுக திரும்பி வாரது நெசந்தானா?"

"நெசமில்லாமயா செலவு பண்ணிப் படம் புடிச்சிருக்கான்? நீ கவலைப்படாத. ஒம் புருசனும் ஒரு நா வந்து கதவைத் தட்டுவான் பாரு!"

அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனந்தம் தாங்கவில்லை போலும் என்று எண்ணிச் செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் அந்தச் சோதனை வந்தது. திரையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதாநாயகி எழுந்தாள். திடீரென்று அவள் முகம் பழுப்பாகி, கொப்புளித்து, திரை வெறும் வெள்ளையாக நின்றது.

மாயக்கண்ணன் ஓடிவந்தான். "மொதலாளி! மிசினுக்குள்ள படம் பத்திக்கிச்சு! ஆவி வார துண்டு பூராவும் கருகிப்போச்சு!"

"மிச்சத்தை ஒட்டி ஓட்டுடா!"

ஒட்டி ஓட்டினார்கள். கதாநாயகி கதவுப் பக்கம் நடந்தாள். அடுத்த நொடி பொழுது விடிந்து, அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆவியுமில்லை, பாட்டுமில்லை. மங்களம் பாடிப் படம் முடிந்தது.

"ஆவி எங்கடா?" என்று தரை டிக்கெட் எழுந்து கூச்சல் போட்டது. செட்டியாருக்கு அந்தச் சத்தம் காதில் ஏறவில்லை. பத்தினியின் நெஞ்சு வெடித்திருக்குமே என்று பெண்கள் பக்கம் ஓடினார்.

சோணையம்மாள் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மனசைத் தேத்திக்கத்தா. மெட்ராசுக்குத் தந்தி குடுத்து வேற படப்பெட்டி தருவிக்கிறேன். அவரை ஒங் கண்ணு முன்னால திரும்பக் கொண்டாந்து நிறுத்துறது எம் பொறுப்பு!"

சோணையம்மாள் பதறி எழுந்து கும்பிட்டாள்.

"வேணாம் மொதலாளி, நீங்க நல்லாருப்பீக, அந்தப் பெட்டியத் தருவிச்சிராதீக! ஒரு நாளாச்சும் அந்தாளு வராமப் போயிர மாட்டாரான்னுதான் நானும் தெனமும் வந்து வந்து பாத்தேன்" என்றவள், முதன்முறையாகச் சிரித்தாள். "எம் புருசன் அடிச்ச அடிக்கு அந்தக் கண்மாய்தான் எனக்குக் கொலசாமி மொதலாளி, போனவுக வராமலும் இருப்பாகன்னு இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன், இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."