பூண்டு போடாத ரசம்

“என்ன ரஜனி, ரசத்துல பூண்டே இல்ல?” என்றான் அழகேசன்.

“டாக்டர் சொன்னது மறந்துடுச்சா? ஆபரேஷன் முடியிற வரைக்கும் பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரை எதுவும் கூடாது. வெட்டின இடத்துல ரத்தம் சீக்கிரம் உறையாதாம்.”

“கொஞ்சூண்டு போட்டா என்னலா?”

“விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

குருண் டவுன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா வந்து, “முப்பது வயசுல தம்பிக்கு இப்படியா?” என்று கண் கலங்கினார். அழகேசன் சிரித்து மழுப்பினான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்க கொடுத்த கிட்னி நல்லா வேலை செய்யுது. உங்க மாமனாருக்கு இனி டயாலிசிஸ் வேண்டாம்.”

ரஜனி அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து, அப்பாவின் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பையனை மகள் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருஷமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசாத முத்துக்குமாரு, மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, கிட்ட வாங்கோ” என்றார்.

அழகேசனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலித்தும் நிறுத்த முடியவில்லை.