ஒரே கயிற்றில் இரண்டு பேர்

"ரஸீன் நானா வர்றதா இருந்தா என் பேரை வெட்டி விட்டுருங்க அண்ணே."

லோஜினி டீச்சர் இப்படிச் சொன்னபோது ரஸீன் நானா எதிர்க் கதிரையில்தான் இருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

கண்டியிலிருந்து நேபாளத்து மலைகளுக்கு ஆள் கூட்டிப்போகிறவர் சுரேஸ். அடுத்த வருசப் பயணத்துக்கு ஆறு பேரைத் தெரிவு செய்ய, அம்பிட்டியவில் அவர் வீட்டு முன்னறையில் கூட்டம் நடந்து முடிந்திருந்தது. மற்றவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ரஸீன் நானா எழுந்தார். கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது; அதனால் குழுவில் எல்லோருக்கும் 'நானா', அண்ணன். கோபப்படத் தெரியாத மனுஷன்.

"டீச்சர் போகட்டும் சுரேஸ். நான் இந்த முற நிக்கிறன். கடையிலயும் வேல ஈக்கி."

"போன முறையே நின்னிருக்கலாம்," என்றாள் லோஜினி.

அவர் சும்மா தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

சுரேஸின் முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவு கடுமையாப் பேசணுமா டீச்சர்?"

"பேசாம? நான் தெல்தோட்டையில தோட்டத்துப் பிள்ளை அண்ணே. ரெண்டு வருசம், ஞாயித்துக்கிழமை தவறாம, முதுகுல இருபது கிலோ அரிசியைக் கட்டிக்கிட்டு ஹந்தானை மலை ஏறி இறங்கினேன். எங்க ஸ்கூல் பிள்ளைங்க படம் கீறி வெச்சிருந்தாங்க, உச்சியில நான் கொடி புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி. கடைசியில என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். போன முறை போனது ஆறாயிரம் மீற்றர் மலை. இரண்டிரண்டு பேராக ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, ஜோடிக்கு ஒரு வழிகாட்டியோடு ஏற வேண்டும். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கியே ஆகவேண்டும். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள். லோஜினிக்கு வாய்த்த ஜோடி ரஸீன் நானா. உச்சிக்கு நான்கே மணி நேரம் இருக்கும்போது, கடைசி முகாமில், தலை வெடிக்கிறது, தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். மற்ற நான்கு பேரும் உச்சியில் நின்று படம் எடுத்தார்கள். லோஜினி அவரோடு இறங்கினாள்.

அன்றிலிருந்து அவள் அவருக்கு முகம் கொடுப்பதில்லை. மகள் பர்ஹானாவின் கலியாணத்துக்கு அவரே தெல்தோட்டைக்கு வந்து கார்ட் கொடுத்தார். அவள் போகவில்லை. கலியாண வீட்டு இனிப்பு, வட்டிலப்பம் மட்டும் டப்பாவில் வீடு தேடி வந்தது. அதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு அன்னைக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா அண்ணே? குளிரே தெரியல. பறந்து போயிருவேன் போல இருந்துச்சு. அப்படி ஒரு நாள் இனி வருமா? வேற ஜோடி போட்டுக் குடுங்க. இந்தத் தடவை ஏறிக் காட்டுறேன்."

"பேரைப் போடலாம். அதுக்கு முன்னாடி நீங்க டொக்டரைப் பார்த்து ஒரு கடிதம் கொண்டு வரணும்."

"எனக்கு எதுக்கு? சுகமில்லாமப் போனவரை அனுப்புங்க டொக்டர்கிட்ட!"

சுரேஸ் பெயர்ப் பட்டியலை மடித்து வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு அவர் என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காரு. ஆனா இது தெரியாம நீங்க மறுபடி மலை ஏறினா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். அன்னைக்கு அவருக்குத் தலைவலியே இல்ல டீச்சர்."

லோஜினிக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்போ நடிச்சாரா? பயந்துக்கிட்டு..."

"அன்னைக்குக் காலையில உங்க பூட்ஸை யாரு மாட்டி விட்டது?"

அவள் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். வெயில் பட்ட பனி ஞாபகம் இருந்தது. பூட்ஸ் ஞாபகம் இல்லை.

"ரஸீன் நானாதான். நீங்க கால் மாத்திப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பேரைக் கேட்டதுக்கு உங்க அம்மா பேரைச் சொன்னீங்க. விரல்ல மெசினை மாட்டிப் பார்த்தா, எழுபதுக்கு மேலயாவது இருக்க வேண்டிய ஒட்சிசன் ஐம்பத்தெட்டு. உயரத்துல மூளை வீங்க ஆரம்பிச்சா சில பேருக்கு அப்படித்தான், நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா உங்களைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்திருக்கணும். கீழ் முகாம்ல இருந்த எனக்கு வழிகாட்டி எல்லாத்தையும் வோக்கி டோக்கியில சொன்னாரு."

"இல்ல... என்கிட்ட யாரும் அப்படிச் சொல்லலையே?"

"மூணு தடவை சொன்னாங்க. வழிகாட்டி கும்பிட்டுக் கேட்டாரு. செத்தாலும் மேலதான்னு கத்தினீங்க. கயித்தை அவுக்கப் பார்த்தீங்க."

லோஜினி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"ஊருக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே அண்ணே. ஏழு மாசமா அந்த மனுசனை நான் என்னென்னவோ பேசிட்டேனே..."

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். 'டீச்சர் ஸ்கூல் புள்ளைகள்ட முகத்துல முழிக்கோணும், தோத்த பேரு எனக்கே ஈக்கட்டும்'னுட்டாரு."

அவள் வாசலைப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"அவ்வளவு கத்தின நான் பிறகு எப்படி இறங்கினேன்?"

"'டீச்சர் தனக்காக எறங்க மாட்டாங்க, இன்னொருத்தருக்கு ஏலாட்டி எறங்குவாங்க'ன்னு சொல்லிட்டு, ரஸீன் நானா உங்க முன்னால வந்து பனியில படுத்துக்கிட்டாரு."